சந்தா ரசீதும் சொந்த ஊரும்
(கொல்கத்தா பூஜைப் பந்தல்கள் பற்றி ஒரு வியாபாரியின் குறிப்புகள்)

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் சங்கத்து இளைஞர்கள், "ஐயா, வழக்கம்போலக் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி என்று போய்விடாதீர்கள். நாம் வாழ்கிற இந்த ஊரைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979இல் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு வயது இருபத்தொன்று. படாபஜாரில் காகித வியாபாரம், லேக் மார்க்கெட் பக்கம் குடித்தனம் என்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. பிறந்த ஊரில் இருந்த காலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக இந்த ஊரில் இருந்தாயிற்று. ஆனாலும் "உங்க ஊர் எது?" என்று யாராவது கேட்டால் வாயில் வருவது வந்தவாசிதான். இது ஏன் என்று யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

எழுத எடுத்துக்கொண்டது துர்க்கா பூஜைப் பந்தல்களை. "சமண குலத்தில் பிறந்தவர் துர்க்கையைப் பற்றி எழுதலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் எழுதப்போவது வழிபாட்டைப் பற்றி அல்ல. ஊர் மக்கள் கூடிக் காசு போட்டு, கைவேலை செய்து, தெருவிலே எழுப்பி, ஐந்து நாள் வைத்திருந்து, பிறகு தாங்களே ஆற்றில் கரைத்துவிடும் ஒரு பொதுக்கலையைப் பற்றி. இந்தக் கலைக்குள் வீடு என்பது என்ன, யார் நம்மவர் என்ற கேள்வி ஆதியிலிருந்தே ஒளிந்திருக்கிறது. அதைத்தான் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாரியும் பாஷாவும்

வங்காளிகள் புதிதாக ஒருவரைப் பார்த்தால், "தாதா, ஆப்னார் தேஷ் கொத்தாய்?" என்று கேட்பார்கள். "அண்ணா, உங்கள் தேசம் எங்கே?" என்று பொருள். வந்த புதிதில், இதென்ன கேள்வி, இவருக்கும் எனக்கும் ஒரே தேசம்தானே என்று விழித்திருக்கிறேன். அவர்கள் தேசம் என்பது பூர்வீக ஊரை.

கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் இன்னொரு நுட்பமான வேறுபாடு உண்டு. 'பாரி' என்றால் முன்னோர் வாழ்ந்த வீடு. 'பாஷா' என்றால் பிழைப்புக்காக வந்த இடத்தில் தங்கியிருக்கும் வீடு. (நம் 'பாஷை'யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நகரத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் அது பாஷாதான், போக முடியாத எல்லைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் இடிந்த வீடுதான் பாரி. எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் 1950இல் கைக்குழந்தையாக வந்தவர். ஃபரித்பூரைப் பற்றி அவருக்கு எந்த ஞாபகமும் இல்லை. ஆனாலும் "எங்கள் பாரி ஃபரித்பூரில்" என்றுதான் கடைசிவரை சொன்னார்.

நம் மொழியில் வீடு என்ற சொல் 'விடு' என்பதன் அடியாகப் பிறந்தது என்பார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது அது பற்று விட்ட நிலை. குடியிருக்கும் இடத்துக்கும் அதே சொல். விட முடியாததற்கும் விட்டு நீங்குவதற்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. இதை நினைவில் வைத்துக்கொண்டு பந்தலுக்குப் போவோம்.

பன்னிரண்டு நண்பர்கள்

துர்க்கா பூஜை முதலில் ஜமீன்தார் வீட்டு விசேஷம். 1757இல் பிளாசிப் போர் முடிந்த கையோடு நவகிருஷ்ண தேவ் தம் ஷோபாபஜார் அரண்மனையில் பெரிய அளவில் நடத்திய பூஜை பலருக்கும் தெரியும். கம்பெனிக்காரர்களும் விருந்தாளிகளாக வந்தார்கள். அங்கே ஊர் ஜனங்கள் வேடிக்கை பார்க்கலாம், பிரசாதம் வாங்கலாம்; பூஜை அந்த வீட்டுடையது.

ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் இது மாறியது. ஒரு வீட்டுப் பூஜையில் சிலரை உள்ளே விடவில்லையாம். கோபித்துக்கொண்ட பன்னிரண்டு நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தாங்களே ஒரு பூஜை நடத்தினார்களாம். 1790 வாக்கில் இது நடந்ததாகச் சொல்லும் வழக்கம் உண்டு. 'பாரோ' என்றால் பன்னிரண்டு, 'யார்' என்றால் நண்பன். இதிலிருந்து 'பாரோயாரி' என்ற சொல் வந்தது. ஒரு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தெருவையே வீடாக்கிக்கொண்ட கதை இது. அந்நியப்பட்ட வலியில்தான் இந்தப் பொதுக்கலை பிறந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த படி 'சர்வஜனீன்', அதாவது எல்லோருக்குமான பூஜை. 1910இல் பவானிபூரில் ஒரு சபையார் பொதுப் பூஜை தொடங்கினார்கள். 1926இல் வட கல்கத்தாவின் சிம்லா வியாயாம் சமிதி, ஜாதி வேறுபாடின்றி எல்லோரும் வரலாம் என்று நடத்தியது. சுதந்திரப் போராட்டக் காலம் அது. பூஜைப் பந்தலே ஊர்க்கூட்டம் போடும் இடமாகவும் ஆயிற்று. இன்று கொல்கத்தா நகரில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொதுப் பூஜைகள் நடக்கின்றன.

மண்ணும் கையும்

ஒரு பந்தல் எப்படி உருவாகிறது என்று சொன்னால்தான் இதை ஏன் மக்கள் கலை என்கிறேன் என்பது விளங்கும்.

ரத யாத்திரை நாளில் 'காட்டாமோ பூஜை' நடக்கும். காட்டாமோ என்றால் மூங்கிலும் மரமும் சேர்ந்த சட்டம். அதில் வைக்கோலைக் கட்டி உருவம் கொண்டுவருவார்கள். அதன் மேல் ஒட்டும் களிமண்ணில் உமி கலந்து பூசுவார்கள். அது காய்ந்து வெடித்த பின் மெல்லிய வண்டல் மண்ணால் மெழுகி வழவழப்பாக்குவார்கள். விரல்களையும் முகத்தையும் தனியே செய்து பொருத்துவார்கள். கடைசியில் மகாளய அமாவாசையன்று கண் திறப்பு.

குமார்டுலியில் இந்த வேலை செய்யும் பால் குடும்பத்தார் அந்தக் காலத்தில் நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்துக் குயவர்களும் வந்து சேர்ந்தார்கள். வங்காளத்தின் தேவியைச் செய்கிற கைகளே இடம்பெயர்ந்து வந்த கைகள்தாம்.

பந்தல் போடுவோர் வேறு. மேதினிப்பூர், முர்ஷிதாபாத் போன்ற மாவட்டங்களிலிருந்து மூங்கில் வேலைக்காரர்கள் வருவார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே முடிச்சுப் போட்டு ஐம்பது அடி உயரம் எழுப்பிவிடுவார்கள். இதெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் வேலை. மிச்சம் முழுவதும் 'பாரா'வின் வேலை. பாரா என்றால் நாலு தெரு சேர்ந்த பேட்டை. ('பாடி' என்ற நம் சொல்லோடு ஒலி ஒத்துவருகிறது என்பதற்காக உறவு கொண்டாட மாட்டேன்; ஒலி ஒப்புமையை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.) யார் சந்தா வசூலிப்பது, யார் மூட்டை அரிசிக்கு ஏற்பாடு செய்வது, அஷ்டமியன்று கிச்சடி கிளறுவது யார், கரைக்கப் போகும்போது லாரியில் யார் ஏறுவது என்று இரண்டு மாதம் கிளப்பில் கூட்டமும் சண்டையும் நடக்கும். அந்தச் சண்டை இல்லாமல் பூஜை இல்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். முதல் ஆறு வருஷம் கிளப் பையன்கள் எங்கள் மாடிப்படியை ஏறவே இல்லை. கீழ் வீட்டில் ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, "மேலே மதராசிக்காரர் இருக்கார், அவங்களுக்கு இதெல்லாம் கிடையாது" என்று பேசிக்கொண்டே போவது காதில் விழும். பணம் மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் என் மனைவிக்கு அது உறுத்தியது. "கேட்கக்கூட மாட்டேங்கிறாங்களே" என்பாள்.

1985இல் ஒரு நாள் சதுர்த்தி ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருவில் ஆல்பனா போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவைக் கரைத்துத் துணியால் தொட்டு விரலால் கோடு இழுப்பது ஆல்பனா. அதில் கொடியும் சங்கும் தாமரையும் வரும், புள்ளி கிடையாது. மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த என் மனைவியை, "பௌதி, நீங்களும் தினமும் வாசலில் போடுறீங்களே, இறங்கி வாங்க" என்று கூப்பிட்டார்கள். பௌதி என்றால் அண்ணி. அவள் போய்ப் பந்தல் வாசலில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று போட்டாள். ஒரு கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்களாம். மறுநாள் காலை கிளப் செயலாளர் மாடிப்படி ஏறி வந்தார். "தாதா, இருபத்தொரு ரூபாய் எழுதட்டுமா?" என்றார். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறேன். அந்த இருபத்தொரு ரூபாய் ரசீது போலப் பெருமை எதிலும் வரவில்லை.

கலையாக மாறிய பந்தல்

1985இலேயே இன்னொன்றும் நடந்தது. ஒரு பெரிய பெயின்ட் கம்பெனி சிறந்த பந்தல்களுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு கிளப்புகளுக்குள் போட்டி வளர்ந்து, 1990களின் பிற்பகுதியிலிருந்து 'தீம் பூஜை' என்ற வகை தலையெடுத்தது. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, கலைக்கல்லூரியில் படித்த ஓவியரோ சிற்பியோ பந்தல், சிலை, விளக்கு, ஒலி எல்லாவற்றையும் ஒரே சிந்தனையில் அமைப்பார். 2001இல் போஸ்புகூர் சீதளா மந்திர் பூஜையில் பந்தன் ராஹா டீ குடிக்கும் மண் குவளைகளைக் கொண்டே ஒரு பந்தலை எழுப்பினார். குடித்துவிட்டுத் தெருவில் எறியும் குவளை கோயிலாயிற்று. பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

2023இல் ஹாதிபாகான் நவீன் பல்லியில் செய்தது வேறு மாதிரி. சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்' என்ற குழந்தைப் பாட்டு நூலுக்கு நூறாண்டு. அந்தச் சந்தின் வீடுகளின் சுவர், ஜன்னல் எல்லாவற்றிலும் அந்த நூலின் விசித்திர உருவங்களைத் தீட்டினார்கள். குடியிருப்பவர்கள் சம்மதித்துத் தங்கள் வீட்டையே கொடுக்காமல் இது நடக்காது. சொந்தச் சுவரை ஊருக்கு எழுதிக் கொடுப்பது சின்ன விஷயமல்ல.

இந்த வரலாற்றையெல்லாம் ஆராய்ந்து தபதி குஹ தாகுர்தா 2015இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதினார். யுனெஸ்கோவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தைத் தயாரித்தவரும் அவரே. 2021 டிசம்பரில் கொல்கத்தா துர்க்கா பூஜை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வியாபாரிகளுக்காக ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன்: பூஜையைச் சுற்றியுள்ள கலைத்தொழில்களின் மதிப்பு 2019இல் 32,377 கோடி ரூபாய் என்று பிரிட்டிஷ் கவுன்சில் செய்வித்த ஆய்வு மதிப்பிட்டது. மேற்கு வங்கத்தின் மொத்த உற்பத்தியில் இது சுமார் இரண்டரை சதவீதம்.

பிறந்த வீட்டுக்கு வரும் பெண்

இந்தப் பூஜையின் கதையே வீடு பற்றியதுதான். துர்க்கை என்றால் நமக்கு மகிஷனை வதைக்கும் கோலம் நினைவுக்கு வரும். வங்காளிக்கு அவள் உமா, மலையரசன் மகள், புகுந்த வீட்டில் கஷ்டப்படும் பெண். வருஷத்துக்கு ஒருமுறை நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பெண்ணைக் கூட்டிவரச் சொல்லித் தாய் மேனகை கணவனிடம் கெஞ்சுவதாகப் பாடும் பாட்டுகளுக்கு 'ஆகமனி' என்று பெயர். ராம்பிரசாத் சென், கமலாகாந்த பட்டாசார்யா முதலியோர் இவற்றைப் பாடியிருக்கிறார்கள். தசமியன்று அவள் திரும்பிப் போகும்போது பெண்கள் வாயில் இனிப்பு ஊட்டி, காதில் "அடுத்த வருஷமும் வா அம்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். நம் ஊரில் ஆடிக்கும் தீபாவளிக்கும் பெண்ணை அழைத்து அனுப்புகிற அதே நெஞ்சு வலிதான்.

பிரிவினைக்குப் பின் இந்தக் கதைக்குப் புதிய கனம் வந்துவிட்டது. டாக்காவின் காவல் தெய்வமான டாக்கேஸ்வரியின் பழைய படிமம் 1948இல் இங்கே கொண்டுவரப்பட்டது. இன்றும் குமார்டுலியில் ஒரு கோயிலில் இருக்கிறது. டாக்காவில் இப்போது வழிபடப்படுவது மாற்றுப் படிமம். ஊருக்கே பெயரோடு பெயராக இணைந்த தெய்வம் அகதியாக வந்து நிற்கும்போது மனிதர்கள் எம்மாத்திரம்? தெற்குக் கொல்கத்தாவில் விஜயகட், ஆஜாத்கட், நேதாஜி நகர் என்று அகதிகள் தாங்களே இடம் பிடித்துக் குடியேறிய காலனிகள் ஏராளம். அந்தக் காலனிகளிலும் பூஜை நடத்தினார்கள். பூஜை நடத்துகிற இடம் பாரா ஆகிவிடுகிறது. பாரா ஆகிவிட்டால் அங்கிருந்து யாரையும் எளிதில் கிளப்ப முடியாது.

இதை நேராகவே கலையாக்கியவர்கள் பேஹாலாப் பகுதியின் பரிஷா கிளப்பார். 2020இல் ரிந்து தாஸ் கருத்தமைக்க, பல்லப் பௌமிக் செய்த படிமத்தில் சிங்கமும் இல்லை, பத்துக் கையில் ஆயுதமும் இல்லை. சாதாரணச் சேலை கட்டிய ஒரு தாய். கையில் சட்டையில்லாத குழந்தை, அதுதான் கார்த்திக். கூட நடக்கும் பெண்களில் ஒருத்தியிடம் ஆந்தை, ஒருத்தியிடம் அன்னம். இவற்றை வைத்துத்தான் லக்ஷ்மி, சரஸ்வதி என்று அறிய வேண்டும். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய கூலித்தொழிலாளிப் பெண் அவள். பிறந்த வீட்டுக்கு வரும் உமா, பிழைக்க வந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டுச் சொந்த ஊருக்கு நடக்கும் உமா ஆகிவிட்டாள்.

மறு ஆண்டு 2021இல் அதே கிளப்பார் 'பாகேர் மா', அதாவது பங்கு போடப்பட்ட தாய், என்ற பந்தல் அமைத்தார்கள். பிரிவினையில் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிய குடும்பத்தையும், குடியுரிமைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தவிப்பவர்களையும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். 2019 ஆகஸ்டில் அசாமில் வெளியான பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் விடுபட்டிருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

என் கணக்கு

2020ஆம் ஆண்டு அந்தப் பந்தலைப் பார்க்கப் போனேன். உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த ஆண்டு பந்தலுக்குள் பார்வையாளர் யாரும் போக முடியாது. தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் கிடங்கு ஞாபகம் வந்தது.

கிடங்கில் என்னிடம் இரண்டு சுமைதூக்கிகள் இருந்தார்கள். பீகார்க்காரர்கள். பதினைந்து வருஷமாகக் காகிதக் கட்டுகளைத் தலையில் சுமந்தவர்கள். இரவில் அங்கேயே படுக்கை. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. மார்ச் மாதக் கூலியைக் கொடுத்து, அதற்கு மேல் இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்து, "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று போனில் சொன்னேன். என் கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டேன். ஏப்ரலில் கிடங்கு பூட்டிக் கிடப்பதாகக் காவல்காரர் சொன்னார். இருவரும் நடந்தும் லாரி பிடித்தும் எட்டு நாளில் ஊர் போய்ச் சேர்ந்ததை ஜூன் மாதம்தான் தெரிந்துகொண்டேன். அன்றுதான் போனில், "உங்க ஊர் பேர் என்னப்பா?" என்று முதன்முதலாகக் கேட்டேன். கயை மாவட்டத்தில் ஒரு கிராமம். பதினைந்து வருஷம் கேட்காத கேள்வி. என்னைக் கேட்டால் மட்டும் வந்தவாசி என்று சொல்லத் தெரிகிறது!

கடனையும் வரவையும் தினம் எழுதுகிறவன் நான். இந்தப் பற்று எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் கிடந்திருக்கிறது. உயிருக்குத் துன்பம் செய்யாமை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். கவனிக்காமல் இருப்பதும் ஒரு துன்பம் செய்தல்தான் என்பதை ஒரு மண்சிலை சொல்லித்தர வேண்டியிருந்தது.

யாரிடம் கேட்பதில்லை?

அதன் பிறகு பந்தல்களைப் பார்க்கும்போது இங்கே யாரிடம் சந்தா கேட்கிறார்கள் என்பதைவிட, யாரிடம் கேட்பதில்லை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சிலை செய்யும் மண்ணில் விலைமாதர் வீட்டு வாசல் மண் கொஞ்சம் கலக்க வேண்டும் என்பது பழைய சாஸ்திர வழக்கம். மண் வேண்டும்; ஆனால் அந்தப் பெண்களுக்குப் பந்தலில் இடம் கிடையாது. சோனாகாச்சிப் பெண்களின் துர்பார் அமைப்பு தங்களுக்கென்று ஒரு பூஜை நடத்த அனுமதி கேட்டு, உயர் நீதிமன்றம் வரை போய், 2013இல்தான் நடத்த முடிந்தது. குப்திபாராவின் பன்னிரண்டு நண்பர்கள் கதை இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து மறுபடி நடந்திருக்கிறது.

அடுத்து டாக்கிகள். டாக் என்பது பெரிய மேளம். பூஜைக்கு முன்னால் சியால்தா ஸ்டேஷன் வாசலில் போய்ப் பார்த்தால், பாங்குரா, முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மேளத்தை அடித்துக்காட்டிக்கொண்டு கிளப்காரர்கள் கூப்பிடக் காத்திருப்பார்கள். ஊரெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் அந்த ஐந்து நாளும் அவர்கள் மட்டும் வீட்டில் இருக்க முடியாது.

இன்னொரு மாற்றமும் கவலை தருகிறது. கம்பெனி விளம்பரங்கள் வந்துவிட்டன. மாநில அரசும் 2018இல் ஒவ்வொரு கமிட்டிக்கும் 10,000 ரூபாய் உதவி என்று தொடங்கி, 2025இல் அதை 1,10,000 ரூபாய் ஆக்கியது. பணம் வருவது கைவினைஞர்களுக்கு நல்லதுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விளம்பரப் பணம் போதும் என்றாகிவிட்டால் கிளப் பையன் எதற்கு மாடிப்படி ஏற வேண்டும்? எங்கள் பாராவிலேயே புதிய அடுக்குமாடிக் கட்டடங்களில் மொத்தமாக ஒரு செக் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே குடிவந்த தமிழ்ப் பையன் ஒருவன் மூன்று வருஷமாகியும் கிளப் எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கே கல்வெட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இளைஞர்கள் மன்னிக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்து அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் உண்டு. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளில் உப்பு வணிகன், பாணித வணிகன் (வெல்லப்பாகு விற்பவன்), கொழு வணிகன் என்று கொடுத்தவர்கள் பெயரும் தொழிலும் இருக்கின்றன. மாங்குளத்தில் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவே சேர்ந்து கொடுத்திருக்கிறது. இவை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சந்தாப் பட்டியல்கள். உப்பு விற்றவன் அந்த மலைக்கு உரியவன் ஆனது அங்கே பிறந்ததால் அல்ல. அவன் பங்கும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டதால். ஒரு இடத்துக்கு நாம் சொந்தமாவது அங்கே நமக்கு எவ்வளவு கிடைத்தது என்பதால் அல்ல, அங்கே நம்மிடம் எது கேட்கப்பட்டது என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐம்பத்தொரு ரூபாய்

போன இருவரில் ஒருவர் 2021இல் திரும்பி வந்தார். மற்றவர் ஊரிலேயே தங்கிவிட்டார். 2022 பூஜைக்குக் கிடங்குச் சந்தின் பையன்கள் வழக்கம்போலக் கடைப் பெயரில் ரசீது எழுதினார்கள். "இன்னொரு ரசீது எழுதுங்கள்" என்று அவர் பெயரைச் சொன்னேன். பையன்கள் தயங்கினார்கள். "வேண்டாம் தாதா, பாவம், அவர்கிட்ட எல்லாம் நாங்க கேட்கிறதில்ல" என்றார்கள். இரக்கத்தோடுதான் சொன்னார்கள். பதினேழு வருஷம் அந்தச் சந்தில் படுத்தவரை இரக்கப்பட்டே வெளியில் வைத்திருந்தோம், நானும் சேர்த்து.

பணத்தை நான் கொடுக்கப் போனேன். அவர் விடவில்லை. "நஹீன் பாபு, அப்னா தேங்கே" என்று இடுப்பிலிருந்து ஐம்பத்தொரு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

சப்தமி மாலை கடையை மூடிவிட்டுப் போகும்போது, பந்தல் ஓரத்தில் சந்தா கொடுத்தவர்கள் பெயர் எழுதி வைத்திருந்த பலகை முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். வங்காள எழுத்து அவருக்குப் படிக்க வராது. "பாபு, இதில் என்னுடையது எது?" என்று கேட்டார். நாற்பத்தி மூன்றாவது வரி. நான் விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செல்போனில் அந்த வரியை மட்டும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

தசமியன்று சிலை கரைந்துவிட்டது, பந்தலைப் பிரித்துவிட்டார்கள், பலகையும் போய்விட்டது. அடுத்த ஆண்டு மறுபடி கட்ட வேண்டும். மறுபடி வீடு வீடாகக் கேட்க வேண்டும். வந்தவாசிப் பக்கத்தில் என் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி சித்தப்பா மகனிடம் இருக்கிறது. கடைசிக் காலத்தில் எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதற்கு இன்னும் என்னிடம் பதிலில்லை. ஆனால் வருகிற மகாளயத்துக்கு முன்னால் நம் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கட்டடத்துக் காவல்காரர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, லிஃப்ட் இயக்கும் பையன் இவர்களின் ஊர்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அவர்களிடமும் பத்து ரூபாய் கேளுங்கள். ரசீதில் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.